நினிவேயின் அரசாணையும் சான் ஹோசேயின் சதுக்கமும்

சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு: வரலாற்றுத் தொடர் – 17

1906 ஏப்ரல் 18, புதன்கிழமை, காலை 5 மணி 12 நிமிடம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு 477 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஏறத்தாழ 4 லட்சம் பேர் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோ எரிந்து, 2.25 லட்சம் பேர் வீடிழந்தார்கள். இன்றைய ஆய்வாளர்களின் கணக்கில் 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆண்ட்ரூ லாசன் தலைமையிலான ஆய்வுக்குழு 1908இல் அறிக்கை வெளியிட்டு, பூமி எங்கே, எப்படி அசைந்தது என்பதை ஊர் ஊராக எழுதி வைத்தது. ஆனால் அந்த அறிக்கை வரும்வரை ஜனங்கள் காத்திருக்கவில்லை. கூடாரங்களிலும் ஆலயங்களிலும் அவர்கள் கேட்டது வேறு கேள்வி: இது யார் பாவத்துக்குத் தண்டனை?

அந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த பதில்களைச் சொல்லுமுன், நம் பள்ளத்தாக்கில் யார் செத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சான் ஹோசே நகருக்குள் செயின்ட் பேட்ரிக் தேவாலயம் இடிந்து விழுந்தது. பணக்காரர்கள் தங்கிய வெண்டோம் ஹோட்டலின் இணைப்புக் கட்டடம் சரிந்தது. ஆனாலும் பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில் சாவு குவிந்தது நகருக்கு வடக்கே, ஆக்னியூவில் இருந்த அரசு மனநல மருத்துவமனையில்தான். 1880களில் எழும்பிய செங்கல் கட்டடம் அது. நான்கு மாடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அதிகாலையில் எல்லோரும் படுக்கையில் இருந்தார்கள். வெளியே போக அவர்களுக்கு அனுமதியும் கிடையாது, சாவியும் கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. அங்கே நிற்கும் நினைவுப் பலகை இறந்த நோயாளிகளும் ஊழியர்களுமாக 117 பேர் என்கிறது. பலரை அந்த வளாகத்திலேயே ஒன்றாகப் புதைத்தார்கள். பிழைத்தவர்களைக் கூடாரங்களில் வைத்தார்கள். ஓடிவிடக்கூடும் என்று அஞ்சிச் சிலரை மரங்களில் கட்டி வைத்ததாக அன்றைய செய்திகள் சொல்கின்றன.

கட்டடத்தின் தரம் பற்றி அப்போதே கடும் கண்டனம் எழுந்தது. இரும்பு வலுவூட்டல் இல்லாத செங்கல் சுவர், பிடிப்பில்லாத காரை. அரசாங்கம் தன் பொறுப்பில் பூட்டி வைத்திருந்த மனிதர்கள், அரசாங்கம் கட்டிய சுவருக்கு அடியில் செத்தார்கள். அதன் பிறகு கண்காணிப்பாளர் லியோனர்ட் ஸ்டாக்கிங், உயரமான ஒற்றைக் கட்டடம் வேண்டாம் என்று, மரங்களுக்கு நடுவே தாழ்வான தனித்தனி விடுதிகளாகக் கட்ட வைத்தார். காற்றும் வெளிச்சமும் நோயாளிக்கு மருந்து என்ற எண்ணம் அந்த வளாகத்தில் உருவம் பெற்றது. அதே வளாகத்தைப் பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தோடு அது ஆரக்கிள் கைக்குப் போனது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அங்கே வேலை பார்த்திருப்பீர்கள். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மதியம் நடந்திருப்பீர்கள்.

இனி, தண்டனைக் கேள்விக்கு வருவோம்.

வடக்கே நாப்பா பள்ளத்தாக்கில் செயின்ட் ஹெலினா அருகே வாழ்ந்தவர் எலன் ஒயிட். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். சபையார் அவரைத் தீர்க்கதரிசனவரம் பெற்றவராக மதித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லாந்தும் சோதோம் கொமோராவைப் போல ஆகிவருகின்றன, தேவகோபம் அந்த நகரங்கள்மேல் வரும் என்று 1902, 1903 ஆண்டுகளிலேயே அவர் எழுதியிருந்தார். நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, தெற்கே லோமா லிண்டாவில் தங்கியிருந்தபோது, பெரிய கட்டடங்கள் விழும் தரிசனம் கண்டதாகவும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 78. மே மாதத்தில் வண்டியில் ஏறிப்போய் சான் பிரான்சிஸ்கோவின் இடிபாடுகளைப் பார்த்தார். அவர் சபையின் அச்சகமான பசிபிக் பிரஸ் 1904இல்தான் ஓக்லாந்தைவிட்டு மவுண்டன் வியூவுக்குக் குடிவந்திருந்தது. பெருநகரத்தின் கேட்டிலிருந்து விலகி இருக்கவேண்டும் என்று வந்தவர்கள். அந்த அச்சகக் கட்டடத்தையும் நிலநடுக்கம் உடைத்தது. செப்பனிட்டு எழுந்து நிற்பதற்குள், ஜூலையில் அது தீக்கிரையானது.

லாஸ் ஏஞ்சல்சில் இன்னொரு கதை. அங்கே, அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் தொடங்கியிருந்த எழுப்புதல் கூட்டம் அசூசா தெருவுக்கு மாறியிருந்தது. அங்கே ஜனங்கள் அந்நியபாஷை பேசுவதைப் பரிகாசம் செய்து ஒரு பத்திரிகை செய்தி போட்ட நாள் 1906 ஏப்ரல் 18. அதே காலையில்தான் பூமி அதிர்ந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் சேர்ந்திருக்கும் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் முதல் நாட்களும் கலிபோர்னியாவின் பேரழிவும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. அந்தக் கூட்டத்தோடு நெருங்கியிருந்த ஃபிராங்க் பார்ட்டில்மன், நிலநடுக்கத்துக்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை என்று போதகர்கள் சமாதானம் சொல்வதைப் பொறுக்கமாட்டாமல், வேதத்தில் நிலநடுக்கம் வரும் இடங்களையெல்லாம் திரட்டி ஒரு கைப்பிரதி எழுதினார். மூன்று வாரத்துக்குள் தென் கலிபோர்னியாவில் 75,000 பிரதிகள் போயின என்பது அவர் பின்னாளில் எழுதிய கணக்கு.

ஸ்டான்ஃபோர்டில் அந்த ஆண்டு வருகைப் பேராசிரியராக இருந்த தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், தான் விசாரித்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு பெண்மணி வருகிறார். சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் இருந்த அவர், கட்டில் ஆடியபோது உலகமுடிவும் இறுதி நியாயத்தீர்ப்பும் வந்துவிட்டதென்றே நினைத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் யாரோ நிலநடுக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயத்தீர்ப்பு என்று நம்பியதால் தனக்குப் பயமே வரவில்லை என்று அவர் ஜேம்சிடம் சொன்னார். நெஞ்சில் தங்கும் செய்தி இது. நியாயத்தீர்ப்பு என்றால் நமக்கு நடுக்கம்தான் நினைவுக்கு வரும். அந்த அம்மாளுக்கோ அது, இத்தனை ஆட்டத்துக்கும் பின்னால் ஒரு நீதிமான் இருக்கிறார் என்ற ஆறுதலாக இருந்தது. வேதத்தின் ஏழைகளுக்கும் அது அப்படித்தான் இருந்தது. நியாயாதிபதி வருகிறார் என்பது, வழக்கில் தோற்கடிக்கப்பட்டவனுக்கு நற்செய்தி.

ஆனால் தண்டனை என்று சொல்லிவிட்டால், தண்டிக்கப்பட்டவர் பட்டியலைப் படித்தாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் கோயில்கள் எரிந்தன, ஹோட்டலிங் கம்பெனியின் விஸ்கிக் கிடங்கு தப்பித்தது. ஸ்டான்ஃபோர்டின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சார்லஸ் ஃபீல்டு அதை வைத்துக் கட்டிய நாலு வரி ஊரெல்லாம் பரவியது. விஸ்கியை விடுங்கள். ஆக்னியூவின் நோயாளிகள் எந்தப் பாவத்துக்குச் செத்தார்கள்? மதுக்கடைக்குப் போக அவர்களுக்குக் கால்கட்டு அவிழவில்லை. நாடகக் கொட்டகையை அவர்கள் பார்த்ததில்லை. நமக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றவர்கள் கிறிஸ்துமஸ் யாத்திரை வந்தவர்கள். அதற்குப் பிறகும் மேடைகளில் தேவகோபம் என்று பேசப்பட்டதை நாம் கேட்டோம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் முன்னால் அந்தப் பேச்சு எப்படி விழுந்தது என்பதும் நினைவிருக்கிறது. மதுரை எரிந்த கதையில்கூடக் கண்ணகியின் தீக்கு விலக்கு இருந்தது. முதியவரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள் அவள். பொற்கொல்லனின் பொய்க்கும் பாண்டியனின் தவறிய தீர்ப்புக்கும் அவள் பதில் கேட்டாள், குற்றத்தைப் பெயர் சொல்லிக் கேட்டாள்.

குற்றத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது. எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வேலை முதன்மையாக இதுதான் என்பது என் துணிபு. அவர்களில் ஒருவருக்கு நிலநடுக்கத்தோடு நேரடித் தொடர்பே உண்டு.

ஆமோஸ். பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவா ஊர்க்காரர். ஆடுமாடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். பழத்தோட்டங்களால் பேர் வாங்கிய நம் பள்ளத்தாக்கின் மனிதருக்கு அவர் அந்நியரல்ல. கி.மு. எட்டாம் நூற்றாண்டு, யூதாவில் உசியாவும் இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாமும் ஆண்ட காலம். அவருடைய புத்தகத்தின் முதல் வாக்கியமே, நிலநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு அவர் இதைக் கண்டார் என்று காலம் குறிக்கிறது. எந்த நிலநடுக்கம் என்று விளக்கவேண்டிய தேவை அன்றைய வாசகருக்கு இல்லை. பல தலைமுறைக்குப் பிறகு சகரியாவின் புத்தகமும் உசியா காலத்து நடுக்கத்தில் ஜனங்கள் ஓடியதை நினைவுபடுத்துகிறது. 1950களில் ஆத்சோரை அகழ்ந்த யிகாயேல் யாடின் சாய்ந்த சுவர்களையும் இடிந்த வீடுகளையும் கண்டு, அவற்றை இந்த நடுக்கத்தோடு இணைத்தார். 2021இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியிலும் அதே காலத்து அழிவுத் தடயம் கிடைத்ததாக இஸ்ரேலின் தொல்லியல் துறை அறிவித்தது.

இத்தனை பெரிய ஆயுதம் கையில் இருந்தும் ஆமோஸின் புத்தகம் அதை வைத்து யாரையும் அடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுக்கம் அங்கே ஒரு தேதி. குற்றப்பத்திரிகை வேறு.

அந்தக் குற்றப்பத்திரிகையை அவர் வாசித்த முறையில் ஒரு பெரும் சாமர்த்தியம் இருக்கிறது. பெத்தேல் இஸ்ரவேல் அரசனின் ஆலயம் இருந்த ஊர். ஆமோஸ் அங்கே வந்து அயல்நாடுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். தமஸ்கு, கீலேயாத்தை இரும்புக் கருவியால் போரடித்தது. காசா, ஊர் ஊராக மக்களைச் சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றது. தீருவும் அதே வியாபாரத்தில் இருந்தது. ஏதோம் உடன்பிறந்தவனைப் பட்டயத்தோடு துரத்தியது. அம்மோன் எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கிழித்தது. ஆறாவதாக மோவாப்: ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாக எரித்தது. இந்த ஆறாவது வழக்கில் கொஞ்சம் நில்லுங்கள். மோவாப் குற்றம் செய்தது இஸ்ரவேலுக்கு எதிராக அல்ல, இஸ்ரவேலின் பகைவனான ஏதோமுக்கு எதிராக. பகைவனின் பிணத்துக்கு இழைத்த அவமானமும் கடவுளின் நீதிமன்றத்தில் வழக்காகிறது. ஒரு தேசத்தின் குலதெய்வம் பேசுகிற பேச்சல்ல இது. எல்லாத் தேசங்களுக்கும் ஒரே சட்டம் என்று மனிதகுலத்தில் சொல்லப்பட்ட மிகப் பழைய குரல்களில் ஒன்று.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஏழாவதாக யூதா வந்தபோதும் அண்டை நாடுதானே என்று தலையாட்டியிருப்பார்கள். எட்டாவது அவர்கள் நாடு. அங்கேதான் ஆமோஸ் நீளமாகப் பேசுகிறார். நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கும் விற்கிறீர்கள், அடகு வாங்கிய ஏழையின் ஆடைமேல் ஆலயத்தில் படுத்துக்கொள்கிறீர்கள், படியைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குகிறீர்கள் என்பதே அவர் வழக்கின் சாரம். பூசாரி அமத்சியா அவரை ராஜதுரோகி என்று அரசனுக்கு எழுதிவிட்டு, உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டினான்.

இப்போது சான் ஹோசேக்கு வாருங்கள். நகர மையத்தில், சீசர் சாவேஸ் சதுக்கத்தை ஒட்டி, பனை மரங்கள் வட்டமாக நிற்கும் ஓர் இடம் உண்டு. நடுவே கலிபோர்னியா மாநில முத்திரை வெண்கலத்தில் பதிந்திருக்கும். மாநிலத்தின் முதல் தலைநகரம் சான் ஹோசே. முதல் சட்டமன்றம் அந்த இடத்தில் 1849 டிசம்பரில் கூடியது. நம்மவர்கள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டமன்றம் என்ன சட்டம் போட்டது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

1850 ஏப்ரல் 22 அன்று வந்த ஒரு சட்டத்தின் பெயரில் 'ஆதிக்குடிகளின் பாதுகாப்பு' என்ற சொல் இருக்கிறது. சட்டத்தின்படி, வேலையின்றித் திரிவதாக உள்ளூர்க் குடிமகன் ஒருவர் புகார் சொன்னால் ஆதிக்குடி மனிதரைப் பிடித்து, அதிக விலை கேட்பவருக்கு நான்கு மாதம்வரை வேலைக்கு ஏலம் விடலாம். ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோர் இசைவோடு என்று சொல்லி, பையன் என்றால் 18 வயதுவரை, பெண் என்றால் 15 வயதுவரை வீட்டில் வைத்து வேலை வாங்கலாம். எந்த வெள்ளையரையும் ஓர் ஆதிக்குடியின் சாட்சியத்தால் தண்டிக்க முடியாது. அதே 1850 செப்டம்பரில் கலிபோர்னியா 'அடிமைமுறை இல்லாத மாநிலம்' என்ற பெயரோடு ஒன்றியத்தில் சேர்ந்தது. 1851 ஜனவரியில், இதே சான் ஹோசேயில் கூடிய சட்டமன்றத்துக்கு, முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் செய்தி அனுப்பினார். ஆதிக்குடி இனம் அற்றுப்போகும்வரை அழிப்புப் போர் தொடரத்தான் செய்யும், எதிர்பார்க்கவேண்டியது அதுதான் என்பது அதன் பொருள். வரலாற்றாசிரியர் பெஞ்சமின் மேட்லி தரும் கணக்கில், 1846இல் சுமார் 1.5 லட்சமாக இருந்த கலிபோர்னிய ஆதிக்குடிகள் 1870இல் சுமார் 30,000 ஆகக் குறைந்தார்கள்.

அந்தப் பனைவட்டத்துக்குப் பக்கத்திலேயே, இன்று பெரிய ஹோட்டல் நிற்கும் இடத்தில், சீனர்களின் குடியிருப்பு இருந்தது. பழத்தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் உழைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வீடு, கடை, கோயில். 1887 மார்ச்சில் நகரமன்றம் அதைப் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. மே 4 அன்று பட்டப்பகலில் அது தீவைத்துக் கொளுத்தப்பட்டது. ஒழிந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை மகிழ்ந்தது. 1980களில் ஹோட்டலுக்கு அடித்தளம் தோண்டியபோது கருகிய பீங்கானும் சாப்பாட்டுக் கிண்ணங்களும் மண்ணிலிருந்து வந்தன.

1906இல் எழுதப்பட்ட எச்சரிப்புகளில் நான் வாசித்தவற்றில் மதுக்கடை இருக்கிறது, நாடகக் கொட்டகை இருக்கிறது, தொழிற்சங்கச் சண்டை இருக்கிறது, ஓய்வுநாளை மீறியதும் இருக்கிறது. 1850இன் ஏலமும் 1887இன் தீயும் இல்லை. எழுதியவர்கள் உள்ளத்தில் உண்மையானவர்கள். எலன் ஒயிட்டின் பக்தியையோ பார்ட்டில்மனின் வேகத்தையோ நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஆமோஸின் எட்டாவது வழக்கு வரை அவர்கள் போகவில்லை. நிலநடுக்கம் முடிந்த கையோடு, எரிந்துபோன சான் பிரான்சிஸ்கோ சீனர் பகுதியை ஊருக்கு வெளியே ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்குத் தள்ளிவிட நகரத் தலைவர்கள் முயன்றார்கள். சீன வணிகர்களும் சீன அரசின் பிரதிநிதிகளும் உறுதியாக நின்றதால்தான் அது தடுக்கப்பட்டது. தண்டனை வந்து போன மறுவாரமே நகரம் பழைய குற்றத்துக்குத் திரும்பியது.

தீர்க்கதரிசனத்தில் தண்டனைக்குப் பக்கத்தில் எப்போதும் இரக்கம் நிற்கிறது. எரேமியா குயவன் வீட்டுக்குப் போய்க் கற்ற பாடம் இதுதான்: ஒரு தேசத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகும், அந்தத் தேசம் திரும்பினால் தீர்ப்பு திரும்பும். இதற்கு வேதம் தரும் பெரிய உதாரணம் நினிவே, அசீரியப் பேரரசின் மாநகரம். இஸ்ரவேலை அழித்த கொடிய பகைவனின் ஊர். யோனா அங்கே போக மறுத்து எதிர்த்திசையில் கப்பல் ஏறினார், மீன் கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மீனுக்குப் பின்னால் வரும் அரசாணை. நினிவே ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கி, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, மனிதரும் மிருகங்களும் உபவாசம் இருக்கவேண்டும், அவரவர் கையிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும் என்று ஆணையிடுகிறான். அவர்கள் இஸ்ரவேலரின் மதத்துக்கு மாறியதாகவோ பலியிட எருசலேமுக்கு வந்ததாகவோ புத்தகம் சொல்லவில்லை. கையிலிருந்த கொடுமையை விட்டார்கள், தப்பினார்கள். யோனாவுக்குக் கோபம். அவருக்குக் கடவுள் சொல்லும் காரணம், வலக்கை இடக்கை தெரியாத 1,20,000 பேரும் ஏராளமான மிருகங்களும் அங்கே இருக்கின்றன என்பது. ஆக்னியூவின் நோயாளிகளை நினைக்காமல் என்னால் இந்த இடத்தை வாசிக்க முடிவதில்லை. தீர்ப்பு சொல்லுமுன் அப்பாவிகளை எண்ணிப் பார்க்கும் கடவுள் அவர். அதே நினிவேமேல் நாகூமின் புத்தகம் மறுபடி தீர்ப்பு உரைக்கிறது, கி.மு. 612இல் நகரம் விழுந்தது. ஒரு தலைமுறையின் மனந்திரும்புதலை அடுத்த தலைமுறை சேமிப்பில் வைத்துக்கொள்ள முடியாது.

அரசாங்கம் மனந்திரும்ப முடியுமா? தனி மனிதன் முடியும் என்பதைச் சான் ஹோசேயில் ஒருவர் காட்டினார். ஜான் ஹைன்லென், ஜெர்மனியிலிருந்து வந்தவர், வியாபாரி. 1887இல் தீயில் வீடிழந்த சீனர்களுக்கு அவர் தன் நிலத்தை வாடகைக்குக் கொடுத்தார். ஊர் கொதித்தது, மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. ஜாக்சன் தெருவும் ஆறாவது தெருவும் சேரும் இடத்தில் செங்கல் வீடுகள் எழுந்தன. சுற்றிலும் வேலி போட்டார்கள். 1888இல் கோயில் கட்டினார்கள். ஹைன்லென்வில் என்ற அந்த ஊர் 1931வரை நின்றது.

அரசாங்கத்தின் கதைக்கு நாம் விமான நிலையத்துக்குப் போகவேண்டும். நார்மன் மினேட்டா 1931இல் சான் ஹோசேயில் பிறந்தவர். 1942இல், பத்து வயதில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். ரயிலேறும்போது அவர் கையிலிருந்த பேஸ்பால் மட்டையை ஆயுதம் என்று ராணுவக் காவலர் பிடுங்கிக்கொண்டார். முதலில் சான்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடல், பிறகு வயோமிங்கின் ஹார்ட் மவுண்டன் முகாம். அப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். நினிவேயின் எண்ணோடு ஒத்துப்போவது தற்செயல்தான், இருந்தாலும் கண்ணில் படுகிறது. அந்தப் பையன் வளர்ந்து 1971இல் சான் ஹோசே மேயரானார், பிறகு நாடாளுமன்றத்துக்குப் போனார், பல ஆண்டு உழைத்து ஒரு மசோதாவை நிறைவேற்றச் செய்தவர்களில் முன்நின்றார். 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரீகன் அதில் கையெழுத்திட்டார். நாடு செய்தது தவறு, அதற்குக் காரணம் இனத் துவேஷமும் போர்க்கால வெறியும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. உயிரோடு இருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. 80,000 பேருக்கு மேல் அதைப் பெற்றார்கள். நம் ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர். ஒவ்வொரு முறையும் பெற்றோரை வரவேற்க நாம் அந்தப் பெயரைக் கடந்துதான் போகிறோம்.

2019 ஜூன் 18 அன்று ஆளுநர் கேவின் நியூசம், பர்னெட்டின் பழைய செய்தியைச் சுட்டி, நடந்தது இனப்படுகொலை என்று சொல்லி, ஆதிக்குடிகளிடம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதை அரசாணையாகவே பிறப்பித்தார். 2021 செப்டம்பர் 28 அன்று சான் ஹோசே நகரமன்றம் 1887இன் தீக்கும் தான் போட்ட சட்டங்களுக்கும் சீன வம்சத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. மறுநாள் அந்தப் பனைவட்டத்திலேயே அது வாசிக்கப்பட்டது. இவற்றை வெறும் அரசியல் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். சிங்காசனத்திலிருந்து இறங்கிச் சாம்பலில் உட்காருவதும் ஒரு சடங்குதான். அது உண்மையா என்பதை அதன்பின் கை என்ன செய்கிறது என்பதே காட்டும்.

மீட்பு என்று தீர்க்கதரிசிகள் சொல்வது மன்னிப்பைத் தாண்டிய ஒன்று. ஏசாயாவின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எகிப்து அடிக்கப்படுகிறது, பிறகு குணமாக்கப்படுகிறது. முடிவில் எகிப்துக்கும் அசீரியாவுக்கும் நடுவே பெரும்பாதை போடப்பட்டு, இரண்டு பகைவர்களோடு இஸ்ரவேல் மூன்றாவதாக நின்று ஆசி பெறுகிறது. ஆமோஸும் தன் கடைசி அதிகாரத்தில் இஸ்ரவேலைத் திடுக்கிட வைக்கிறார்: எகிப்திலிருந்து உங்களை விடுவித்தவர், பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தார். விடுதலைப் பயணம் ஒரு ஜாதிக்கு மட்டும் சொந்தமல்ல. ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒன்று உண்டு, அவர்களுடைய பெயரும் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணுக்கு முதல் உரிமையாளரான ஓலோனி மக்களின் பெயர் அமெரிக்க அரசின் புத்தகத்தில் இன்னும் எழுதப்படவில்லை. 1777இல் தொடங்கிய சாண்டா கிளாரா மிஷனுக்குள் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி அவர்கள். 1925இல் மானிடவியல் அறிஞர் ஆல்பிரட் குரோபர் அவர்கள் நடைமுறையில் அற்றுப்போய்விட்டார்கள் என்று எழுதினார். 1927இல் மத்திய அரசின் பட்டியலிலிருந்து அவர்கள் விடுபட்டார்கள். முவெக்மா ஓலோனிக் குழுவுக்கு முன்பு அங்கீகாரம் இருந்தது என்பதை அரசே பின்னாளில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 2002இல் விண்ணப்பத்தை மறுத்தது. 2024இல் அந்த மக்களில் சிலர் குதிரைகளோடு வாஷிங்டன்வரை போய் நியாயம் கேட்டுத் திரும்பினார்கள்.

இங்கே குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு முவெக்மா அங்கீகாரம் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள். கெல்லி பூங்காவுக்குள் வரலாற்றுப் பூங்காவில் மறுபடி கட்டியிருக்கும் ஹைன்லென்வில் கோயிலுக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போங்கள். ஆக்னியூ வளாகத்தில் நினைவுப் பலகை இருக்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

(தொடரும்)